முதல் கவளம் வடக்கே

தாக் மல்லே அக்காவுடன் நான் ஒரே வரப்பில் நிற்க ஆரம்பித்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவள் வாயில் விழுந்து எழுந்தவர்கள் எங்கள் டோல்மோரி கிராமத்தில் ஏராளம். அந்த வரிசையில் முதல் ஆள் நான்தான். என் நாற்று கொஞ்சம் வெளுத்திருந்தால் போதும், "ஏண்டி ஹேரான், நாத்துக்கு மஞ்சக்காமாலையா?" என்று பக்கத்து வயல் வரைக்கும் கேட்கிற மாதிரிக் கத்துவாள். அப்படிப்பட்டவளைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்வது எனக்கும் லேசான காரியமில்லை. ஆனால் போன நடவில் நடந்ததை ஆளுக்கொரு விதமாகத் திரித்துப் பேசுகிறார்கள். சியோலிலிருந்து வந்த டிவிக்காரன் ஒருத்தன் அவளுக்கு ஏதோ புத்தி பேதலித்துவிட்ட மாதிரிப் பரிதாபமாகப் பேசிவிட்டுப் போனான். பேதலித்தது யாருக்கு என்பதை நீங்களே கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

எங்கள் வீடுகள் சோதனைச் சாவடிக்குத் தெற்கே, வயல்கள் வடக்கே. காலையில் கழுத்தில் அனுமதி அட்டையை மாட்டிக்கொண்டு சாவடியைத் தாண்ட வேண்டும், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். வயலுக்கு அப்பால் முள்வேலி. வேலிக்கு அப்பால் யாரும் கால் வைக்காத காடு, அதற்கும் அப்பால் வடகொரியாக்காரர்கள். அட்டையைப் பிடுங்கிவிட்டால் பத்திரம் பெட்டியில் இருந்தும் பிரயோஜனமில்லை, நிலம் போனது போனதுதான்.

மல்லே அக்கா இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தபோது வயசு இருபத்திரண்டு. கங்னங் கடற்கரையில் மீன் விற்ற குடும்பம், அந்தத் தொண்டை அங்கிருந்து வந்தது. மாமனார் நிலம் தருகிறேன் என்று கைகாட்டிய இடத்தில் புதரும் கண்ணிவெடியும்தான் இருந்தன. புருஷனும் அவளுமாக இரும்புக் கம்பியால் மண்ணைக் குத்திக் குத்தி, சாண் சாணாகத் திருத்தினார்கள். அப்படித் திருத்தும்போதுதான் அவர் ஒரு பாதத்தைப் பறிகொடுத்தார். மிச்ச காலமெல்லாம் கட்டைக் காலோடு சேற்றில் இறங்கி உழைத்துவிட்டு, கல்லீரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார்.

அந்த மண்ணிலிருந்து வெடி மட்டும் வரவில்லை, எலும்பும் வந்தது. பழைய சண்டையில் விழுந்தவர்கள். துருப்பிடித்த தொப்பியோடு சில, வெறுமனே சில. தெற்குப் பையனா, வடக்குப் பையனா, எங்கிருந்தோ கப்பலேறி வந்தவனா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? "எந்தப் பக்கம்னு எலும்பு சொல்லாதுடி" என்பாள். பட்டாளத்துக்காரர்கள் வந்து பொறுக்கிக்கொண்டு போனார்கள். பொறுக்காமல் விட்டது எவ்வளவோ.

வயலில் சாப்பிட உட்கார்ந்தால் முதல் கவளத்தை எடுத்து "கோசுரே!" என்று கூவி வீசிவிட்டு உண்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் வழக்கம். மண்ணுக்கு, காற்றுக்கு, சோறு போட ஆளில்லாமல் அலைகிற உயிர்களுக்கு. நாங்களெல்லாம் கை போன பக்கம் வீசுவோம். மல்லே அக்கா மட்டும் வடக்கே திரும்பி, முழங்கையை நன்றாகப் பின்னுக்கு இழுத்து, கல்லெறிகிற மாதிரி வீசுவாள். சண்டையில் செத்தவர்களில் பாதிப்பேர் வேலிக்கு அந்தப் பக்கம் கிடக்கிறார்களாம், சோறு அவ்வளவு தூரம் போக வேண்டுமாம்.

பட்டாளத்தோடு அவளுக்கு எப்போதுமே ஏழாம் பொருத்தம். ஒரு கேப்டன் வந்து, வேலியோரம் சோளம் போடாதே, வளர்ந்தால் காவலுக்குக் கண் மறைக்கிறது என்றார். "கண்ணு மறைச்சா மரத்து மேல ஏறி நின்னு பாருங்க சார், வயசு பத்தலையா உங்களுக்கு?" என்றாள். அடுத்த வருஷமும் சோளம் போட்டாள். தடுக்க வருகிற அதிகாரி எவரும் சோளம் முற்றுகிற வரைக்கும் இங்கே நீடிப்பதில்லை, அதற்குள் மாற்றலாகிப் போய்விடுவார். அதே சமயம், காவல் நிற்கிற பையன்களுக்கு அவள் கையால் அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு போகாத குளிர்காலமே கிடையாது.

நாட்டில் பிள்ளை பெறுவது குறைந்துபோய், பட்டாளத்துக்குப் பையன்கள் கிடைக்காமல் ஆன பிறகுதான் இந்தச் சனியன்கள் வந்தன. ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். மேஜர் பியோன் வந்தார். இவற்றைச் செய்கிற கம்பெனி சார்பில் டாஉன் என்ற இளம் இஞ்சினியர் பெண்ணும் வந்தாள். இயந்திரக் காவலாள் என்றதும் நாலு கால் இரும்பு நாயைக் காட்டப் போகிறார்கள் என்று நினைத்தோம். திரைக்குப் பின்னாலிருந்து நடந்து வந்தது ஒரு பையன். சீருடை, தொப்பி, கன்னத்தில் ஒரு பரு. பருவைக்கூட விடவில்லை. கண் சிமிட்டியது. மார்பு ஏறி இறங்கியது.

"வணக்கம், அம்மா. இனிமேல் உங்களை நான் பாதுகாப்பேன்" என்றது. குரல் அப்படி ஒரு இனிப்பு.

மண்டபத்தில் சிலர் கைதட்டினார்கள். நான் கைதட்டவில்லை. மல்லே அக்கா எழுந்து கிட்டே போய், அதன் மார்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா, இதுக்கு மூச்சு வேணுமா?" என்று டாஉனைக் கேட்டாள்.

"தேவையில்லைம்மா. மூச்சு விடுற மாதிரி இருந்தா பாக்கறவங்களுக்குப் பழகிடும்."

"அப்ப மூச்சும் பொய்யா! பெத்தவ இல்லாதது என்னை அம்மாங்குது. சரிதான்."

ஊர்த்தலைவர் பேச்சை மாற்றுவதற்காக, குளிர்காலத்தில் அதற்கு அடுப்பு மூட்ட வேண்டுமா என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார். சோதனைக் காலம்தான், துப்பாக்கியில் குண்டு போடவில்லை, யாரும் பயப்பட வேண்டாம் என்று மேஜர் முடித்துவைத்தார். அந்த வார்த்தையை மல்லே அக்கா மறக்கவில்லை.

பழக்க தோஷம் யாரை விட்டது? முதல் நாள் சாவடியைத் தாண்டும்போது நான் அதனிடம் ஒரு கிழங்கை நீட்டிவிட்டேன். "நன்றி, அம்மா. பணியில் இருக்கும்போது உணவு வாங்க அனுமதி இல்லை" என்றது. பையன்களும் இதையேதான் சொல்வார்கள். சார்ஜென்ட் அந்தப் பக்கம் திரும்பியதும் வாங்கி வாயில் போட்டுக்கொள்வார்கள். இதற்குச் சார்ஜென்ட் திரும்பினாலும் ஒன்றுதான், திரும்பாவிட்டாலும் ஒன்றுதான். பொம்மைக்குச் சோறூட்டிய அசடு மாதிரி, வழியெல்லாம் அந்தக் கிழங்கை நானே தின்றுகொண்டு போனேன்.

நடவு வந்தது. நடவு மிஷின் விட்டுவிட்டுப் போன மூலைகளைக் கையால் நிரப்புவது எங்கள் பெண்கள் கூட்டத்தின் வேலை. அன்றைக்கு மல்லே அக்கா வயலில் இறங்கியிருந்தோம். வண்டிப்பாதையில் அந்த இயந்திரப் பையன் காவல் நின்றிருந்தது. மத்தியானம் வரப்பில் தாள் விரித்து உட்கார்ந்தோம். முள்ளங்கி போட்டு வேகவைத்த கானாங்கெளுத்தி, கிம்ச்சி, கீரை, சுடுசோறு. மல்லே அக்கா முதல் கவளத்தை எடுத்தாள், வடக்கே திரும்பினாள், கையைப் பின்னுக்கு இழுத்தாள்.

"கோசுரே!"

சோறு தரையில் விழுவதற்கு முன் துப்பாக்கி அவள் மார்புக்கு நேராக இருந்தது. பையன் என்றால் முதலில் திடுக்கிடுவான், யோசிப்பான், கத்துவான். இதில் அதெல்லாம் எதுவுமே இல்லை.

"அம்மா, தரையில் படுங்கள்" என்றது, அதே இனிப்புக் குரலில். "எல்லோரும் தரையில் படுங்கள்."

நாங்கள் சேற்றில் குப்புற விழுந்தோம். அவள் மட்டும் நின்றாள். "வாயில ஒண்ணும் இல்ல, கையில ஒண்ணும் இல்ல, எதுக்குடா படுக்கணும்?" என்றாள். நான்தான் அவள் கணுக்காலைப் பிடித்து இழுத்து விழ வைத்தேன். மேஜர் ஜீப்பில் வந்து சேர்கிற வரைக்கும் முகத்தைச் சேற்றில் வைத்துக்கொண்டு கிடந்தோம். என் பக்கத்தில் அவள் பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்டது. அவள் அழுது நான் பார்த்ததில்லை, அன்றைக்கும் அழவில்லை. "என் நிலத்துல என்னைக் குப்புறப் போட்டுடுச்சுடி" என்று மட்டும் சொன்னாள்.

வீசுகிற கை வெடிகுண்டு எறிகிற கை மாதிரியே இருந்ததாம். அதற்குக் கற்றுக்கொடுத்தது அவ்வளவுதானாம். மன்னிப்புக் கேட்பார்கள் என்று பார்த்தால், மறுநாள் காலையில் ஊர் ஒலிபெருக்கியில் உத்தரவு வந்தது. இனிமேல் வயலில் யாரும் எதையும் வீசக் கூடாது, மீறினால் அனுமதி அட்டை ரத்து. குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்த கதைதான்.

ஊர் அடங்கிப்போனது. சிலர் கவளத்தைச் சத்தமில்லாமல் வரப்பில் வைத்தார்கள். சிலர் அதையும் விட்டார்கள். நானும்தான், வேறென்ன செய்வது, எனக்கும் நிலம் வேண்டுமே. மல்லே அக்கா வீசவும் இல்லை, வைக்கவும் இல்லை. வயலில் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டாள். நாங்கள் சாப்பிடும்போது அந்தக் கோடியில் போய்த் தனியாக நாற்று நட்டுக்கொண்டிருப்பாள். அவள் மகன் சுவான் நகரத்திலிருந்து போன் போட்டு, "சொன்னபடி கேட்டுட்டுப் போங்கம்மா, ஒரு பிடி சோத்துக்காக நிலத்த விடுவீங்களா?" என்று கெஞ்சினான். "அவங்களுக்குக் குடுக்காம எனக்கு இறங்கலடா" என்று போனை வைத்துவிட்டாள். நாளுக்கு நாள் முகம் ஒட்டிப்போனது. இவளையும் மடக்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். ஆத்திரம் எனக்கு அவர்கள்மேல் வந்ததைவிட அவள்மேல்தான் அதிகமாக வந்தது.

ஒரு மழை நாளில் டாஉன் அவள் வீட்டைத் தேடி வந்தாள். நான் அங்கே வெங்காயத்தாள் அடை சுட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் கெட்டவள் இல்லை. நனைந்த காலுறையோடு கூச்சப்பட்டுக்கொண்டே உட்கார்ந்தாள்.

"அம்மா, ஒரு வழி இருக்கு. நீங்க எங்க ஆய்வுக்கூடத்துக்கு வந்து கேமரா முன்னாடி வீசிக் காட்டுங்க. திரும்பத் திரும்ப வீசணும். உங்க கை, உங்க நடை, உங்க குரல் எல்லாத்தையும் அதுக்குக் கத்துக்கொடுத்துடறேன். அப்புறம் நீங்க வீசினா அது திரும்பிக்கூடப் பாக்காது. மேஜரும் ஒத்துக்கிட்டாரு."

"என்னை மட்டும்?"

"உங்களை மட்டும்."

"ஹேரான் வீசினா?"

டாஉன் என்னைப் பார்த்தாள். நான் அடையைத் திருப்பிப் போட்டேன்.

"இதையெல்லாம் வெளிநாட்டுக்கும் விப்பீங்கல்ல?" என்றாள் மல்லே அக்கா.

"விப்போம்மா."

"அங்க ஒருத்தி கோழிக்குத் தானியம் வீசுவா. ஒரு பிள்ளை காய்க்குக் கல்லு விடும். அவங்க கையையெல்லாம் எப்ப படம் பிடிப்பீங்க? சுடறதுக்கு முன்னாடியா, சுட்ட பின்னாடியா?"

"மனுஷனும் தப்பாச் சுடுறான்மா. பயந்து சுடுவான், கோபத்துல சுடுவான். இதுக்குப் பயமே கிடையாது. கை நடுங்காது."

"நடுங்கணும்டி!" என்று தரையில் அறைந்தாள் மல்லே அக்கா. டாஉனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எனக்கு முப்பது வயசு இருக்கும். விடியக்காலை, மூடுபனி, எதிர்ல ஆள் தெரியாது. புதுசா வந்த பையன் ஒருத்தன் என் நெஞ்சுக்கு நேரா துப்பாக்கியை நீட்டிட்டான். கை வெடவெடன்னு நடுங்குது. நான் கேட்டேன், 'டேய், சாப்பிட்டியா?'ன்னு. அவ்வளவுதான். துப்பாக்கிய இறக்கிட்டு ஓன்னு அழுதுட்டான். அந்த நடுக்கம் இருந்ததாலதான் நான் இன்னைக்கு உக்காந்து உனக்கு அடை போடறேன். உன் பொம்மைகிட்ட சாப்பிட்டியான்னு கேட்டா அது என்ன பண்ணும்?"

டாஉன் தட்டில் இருந்த அடையைக் கிள்ளிக் கிள்ளித் தின்றாள். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "அம்மா, நீங்க வீசிடாதீங்க, தயவுசெஞ்சு" என்றாள். கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை.

அந்த வாரமே சியோலிலிருந்து பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்று செய்தி வந்தது. கோட்டு போட்டவர்கள், வாங்க வந்த வெளிநாட்டுக்காரர்கள், டிவி. மக்களும் இயந்திரமும் எவ்வளவு இணக்கமாக இருக்கிறார்கள் என்று காட்ட வேண்டுமாம். வயலில் வழக்கம்போல நாலு பெண்கள் உட்கார்ந்து சிரித்துக்கொண்டு சாப்பிட்டால் நன்றாக இருக்கும் என்று மேஜர் ஊர்த்தலைவரிடம் சொல்லி அனுப்பினார். வேலியோர வயல் மல்லே அக்காவுடையது. அதுதான் படத்துக்கு அழகாம்.

"சரின்னு சொல்லுங்க. நானே சமைக்கிறேன்" என்றாள் அவள்.

நான் அவளைத் தனியே இழுத்துக்கொண்டு போனேன். "அக்கா, என்ன உத்தேசம்? அட்டை போயிடும். உயிரும் போயிடும்."

"சாப்பிட்டு எத்தனை நாளாச்சு தெரியுமாடி? பசிக்குது" என்றாள்.

அன்றைக்கு வெயில் நன்றாக இருந்தது. வரப்பில் விருந்தாளிகள் வரிசையாக நின்றார்கள், பளபளக்கிற செருப்பில் எங்கள் மண். அது வண்டிப்பாதையில் வழக்கமான இடத்தில், மார்பு ஏறி இறங்க நின்றது. டாஉன் கையில் பலகை மாதிரி ஒரு கருவியோடு அதற்குப் பின்னால் நின்றாள். மேஜர் பியோன் கஞ்சி போட்ட உடுப்பில் எங்களுக்குப் பக்கத்தில் வந்து, இந்தக் காவலாளோடு கிராமத்துத் தாய்மார்கள் எத்தனை நிம்மதியாக இருக்கிறார்கள் என்று பேசினார். நாங்கள் தலையாட்டினோம். சொல்லி வைத்தபடி சிரிக்கவும் செய்தோம்.

மல்லே அக்கா எழுந்தாள். கையில் சோற்றுக் கிண்ணம், கரண்டி. முகமெல்லாம் சிரிப்பு.

"சார், எங்க வயலுக்கு வந்துட்டு வெறும் வயித்தோட போகலாமா? ஒரு வாய் சாப்பிடணும்."

விருந்தாளிகள் சிரித்தார்கள். டிவிக்காரன் கிட்டே ஓடி வந்தான். மேஜரும் சிரித்துக்கொண்டு கையை நீட்டினார். அவள் அந்த உள்ளங்கையில் ஒரு கவளம் சோற்றை வைத்தாள்.

"முதல் கவளம் வடக்குக்கு. வீசுங்க."

மேஜரின் சிரிப்பு உதட்டிலேயே நின்றது. "அம்மா, இப்ப அதெல்லாம்..."

"நல்லா கையப் பின்னுக்கு இழுத்து வீசணும். இல்லாட்டி போய்ச் சேராது."

"அப்புறம் பாக்கலாம்மா."

"ஏன் சார்? குண்டு போடலன்னு நீங்கதானே மண்டபத்துல சொன்னீங்க? குண்டு இல்லாத துப்பாக்கிக்கு என்ன பயம்? வீசுங்க."

மேஜர் வண்டிப்பாதையில் நின்ற அதைப் பார்த்தார், கையிலிருந்த சோற்றைப் பார்த்தார். அவர் கழுத்தில் வியர்வை ஓடுவதை நான் பார்த்தேன். பிறகு மெதுவாக, தூங்குகிற குழந்தையைப் பாயில் கிடத்துகிற மாதிரி, குனிந்து அந்தக் கவளத்தைக் காலடியில் வைத்தார். அவர் கைகூட அசங்கவில்லை.

"கீழ வெச்சா அது நாய்ச்சோறு சார்" என்றாள் மல்லே அக்கா.

சொல்லிக்கொண்டே கரண்டியில் இன்னொரு கவளம் அள்ளினாள். வடக்கே திரும்பினாள். அத்தனை நாள் பட்டினியும் அந்த முழங்கையில் இருந்தது.

"கோசுரே!"

துப்பாக்கி எழுந்தது. "அம்மா, தரையில் படுங்கள். எல்லோரும் தரையில் படுங்கள்."

முதலில் படுத்தவர் மேஜர். தண்ணீர் தெறிக்க, கஞ்சி போட்ட உடுப்போடு குப்புற விழுந்தார். அவரைப் பார்த்துக் கோட்டுக்காரர்கள் விழுந்தார்கள், வெளிநாட்டுக்காரர்கள் விழுந்தார்கள், கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு டிவிக்காரன் விழுந்தான். நானும் விழுந்தேன். இந்தத் தடவை அவள் காலைப் பிடித்து இழுக்கவில்லை. பயம்தான், ஆனாலும் கை போகவில்லை. அந்த நிமிஷம் அவளை இழுத்திருந்தால் நான் ஆயுசுக்கும் என்னை மன்னித்திருக்க மாட்டேன்.

வயல் முழுவதிலும் நிமிர்ந்து நின்றது இரண்டே பேர், அதுவும் அவளும். அவள் கரண்டியைத் திரும்பக் கிண்ணத்தில் விட்டு, அடுத்த கவளத்தைத் தன் வாயில் போட்டு மென்றாள்.

"அம்மா, படுங்க" என்று சேற்றிலிருந்து மேஜர் கத்தினார். குரல் உடைந்துபோயிருந்தது. "தயவுசெஞ்சு படுங்கம்மா! அதுல குண்டு இருக்கு!"

எல்லோருக்கும் கேட்டது. டிவிக்காரனுக்கும் கேட்டது. அதை மட்டும் அவன் பிறகு காட்டவில்லை.

மல்லே அக்கா மென்றதை விழுங்கினாள். "தெரியும் சார்" என்றாள். "அதனாலதான் நிக்கறேன்."

டாஉன் தன் கருவியை அழுத்தினாளா, எழுந்து ஓடிவந்து அதன் முதுகில் எதையோ பிடுங்கினாளா, எனக்குத் தெரியவில்லை. அதன் கை மட்டும் அப்படியே தாழ்ந்தது. மார்பு இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மேஜர் எழுந்து வந்து மல்லே அக்காவுக்கு முன்னால் நின்றார். அட்டையை வாங்கத்தான் வந்திருப்பார். அவள் கழுத்திலிருந்து அதைக் கழற்றி அவரிடம் நீட்டினாள். முகத்திலிருந்து எங்கள் வயல் சேறு வழிய, அவர் அதைப் பார்த்தார். பிறகு வாங்காமலே திரும்பி நடந்துவிட்டார்.